கிரண்ஜித் அலுவாலியாவின் கடிதம்

அயல்நாட்டிற் குடியேறியோர் இல்லங்களில் நிகழும் வன்கொடுமையைப் பற்றி எழுதுவோர், அம்மக்களின் பண்பாட்டை அறிந்து அதற்கேற்ப உதவுதல் வேண்டும் என்பர். நல்ல அறிவுரையே. ஆயின் பண்பாடு எனப்படுவது யாது, அதனை யார்வாய்க் கேட்டறிவது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இது வழக்கறிஞர்க்கும் அரசினர்க்குமே உரிய வினா என ஒதுக்குதல் பொருந்தாது. ஒருவர் எழுதியதை அவர்தம் குரல் கெடாமற் படிப்பது எம் துறையின் தொழிலாதலின், ஈண்டு ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்கின்றோம்.

கிரண்ஜித் அலுவாலியா பஞ்சாபிற் பிறந்தவர். 1979இல் மணந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். பத்தாண்டுக் காலம் கணவனால் அடியுண்டார். 1983இலும் 1986இலும் நீதிமன்றத் தடையாணை பெற்றும் கொடுமை தணியவில்லை. 1989 மே மாதத்து ஓரிரவில், உறங்கிய கணவன் படுக்கையிற் பெட்ரோல் ஊற்றித் தீயிட்டார். அவன் சில நாளில் இறந்தான். அவ்வாண்டு டிசம்பரில் அவர்க்குக் கொலைக்குற்றத்தின்பேரில் வாழ்நாட்சிறை விதிக்கப்பட்டது.

அதற்கு முந்திய மாதம், கணவன் மூன்று நாள் வீடு நீங்கியிருந்தபோது அவர் எழுதியதே யாம் கூறும் கடிதம். 1992ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் அதன் ஒரு பகுதி இடம்பெற்றுள்ளது. நீர் திரும்பி வந்தால் இன்னின்னவற்றை விட்டுவிடுவேன் என அவர் அடுக்கிச் செல்கின்றார். பால் கலவாத காப்பியைத் தொடமாட்டார், வாரந்தோறும் நகருக்குப் போகமாட்டார், பச்சைமிளகாய் தின்னமாட்டார், தோழியரைத் துறப்பார், ஒரு திருமணத்திற்கும் செல்லார், உடல் பருக்கும்படி உண்பார், தலைமயிர்க்குச் சாயம் இடார், அண்டை வீட்டை மிதியார், அவனுக்குப் பிடிக்காவிடின் சிரிக்கவும் மாட்டார். தீர்ப்பிற் காணும் பகுதியில் அடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடிதத்தின் ஆற்றல் இவ்வின்மையிலேயே உள்ளது. அடிப்பதை நிறுத்துக என்று கேட்கும் நிலையையும் அவர் கடந்துவிட்டார். எஞ்சியிருந்த சிறு விருப்பங்களைக் கையுறையாக நீட்டுகின்றார். பச்சைமிளகாயைக் காண்க. பஞ்சாபியர் உணவில் அது உடன் வைத்துக் கடித்துண்ணப்படுவது. அவ்வுணவு முறையை அறியாதார்க்கு இது நகைக்கத்தக்க சிறு பொருளாய்த் தோன்றும். அறிந்தார்க்கோ, தம் தட்டில் தாம் விரும்பியதை வைத்துக்கொள்ளும் உரிமையும் போயிற்று என விளங்கும். பிறரால் இகழப்பட்டு எளியராதலை ‘இளிவு’ என்றும், அஃது அழுகைக்கு நிலைக்களன் என்றும் மெய்ப்பாட்டியல் கூறும். இக்கடிதத்தில் அழுகை வெளிப்பட இல்லை. இளிவு வரிதோறும் உண்டு. பண்பாட்டறிவு என்பது இத்தகைய நுண்பொருளை உணர்தலே என்பது எம் கருத்து.

முதல் விசாரணையில் நிகழ்ந்தது வேறு. கருதத்தக்க இயல்புகள் என நடுவர் சான்றாளர்முன் வைத்தவை, இவர் ஆசியப் பெண், ஆசிய ஆடவனை மணந்து இந்நாட்டில் வாழ்பவர், பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் என்பனவே. பண்பாடு இங்கே ஒரு பெயர்ச்சீட்டாகச் சுருங்கிற்று. ‘ஆசியப் பெண்’ என்னுந் தொடர் பச்சைமிளகாய் அளவுகூடப் பேசவில்லை.

வெகுளியைப் பற்றிய சட்டக் கொள்கையும் ஆராயத்தக்கது. சினமூட்டல் என்னும் எதிர்வாதம் செல்லுதற்குச் சினம் திடீரென எழுந்து தன்னிலை இழப்பித்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. தொல்காப்பியர் வெகுளிக்குக் கூறிய நான்கு நிலைக்களன்களுள் ‘அலை’ என்பதும் ஒன்று. அடித்தும் வருத்தியும் அலைக்கழித்தல் என்பது அதன் பொருள். வெகுளி எதனாற் பிறக்கும் என்றாரேயன்றி, எத்துணை நொடியிற் பிறத்தல் வேண்டும் என அவர் வரையறுத்திலர். மேல்முறையீட்டு மன்றமோ பழைய விதியை விடவில்லை. உளச்சோர்வு பற்றிய மருத்துவச் சான்று புதிதாக வந்தமையாலேயே மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. 1992 செப்டம்பரில் குற்றம் கொலையினின்று குறைக்கப்பட்டு, கழித்த சிறைக்காலமே தண்டனையாக, அவர் விடுதலை பெற்றார். ஆகவே 2006இல் வந்த ‘புரவோக்ட்’ என்னும் திரைப்படத்தின் பெயர் வழக்கின் முடிவோடு முரணுகின்றது. அவர் சினம் ஏற்கப்படவில்லை. நோயாகக் கொள்ளப்பட்டே மன்னிக்கப்பட்டது. திடீரென எழுதல் வேண்டும் என்னும் விதியை 2009ஆம் ஆண்டின் சட்டமே நீக்கிற்று.

அவர்க்காகப் போராடியது 1979இல் தோன்றிய ‘சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்னும் மகளிர் அமைப்பு. குடியேறியோர் பண்பாட்டை மதித்தல் என்ற பெயரால், இல்லத்துக் கொடுமையை அவ்வினத்துப் பெரியோர்பால் விட்டுவிடும் அரசியல் முறையை இவ்வமைப்பு நெடுங்காலம் எதிர்த்துவந்தது. கட்டாயத் திருமணம் பற்றி ஆராய அரசினர் 1999இல் அமைத்த பணிக்குழுவிலும் அதன் சார்பாளர் இடம்பெற்றார்; குடும்பத்தாரோடு இணக்கம் பேசுதலும் ஒரு வழியாக வைக்கப்பட்டமையால் விலகினார். வெள்ளையர் வெறுப்பிற்கு அஞ்சித் தம் குறையை மறைக்கும் இனத்தாரையும் எதிர்த்து, அவ்வினத்தையே பழிக்கும் வெள்ளையரையும் எதிர்த்து நிற்றல் எளிதன்று. அவ்விலகலைப் பண்பாட்டுப் பகை எனல் பிழை. பண்பாட்டினுள்ளிருந்தே எழுந்த மறுப்பு அது.

இவ்விடத்து எமக்கு வாயில்கள் நினைவுக்கு வருகின்றன. தோழி முதலாகப் பன்னிருவரை வாயிலாகக் கற்பியல் எண்ணும். தலைவியின் ஊடலைத் தணித்து இல்லறத்தை இணைப்பதே அவர் பணி. ஆயினும் அவ்வாயில்களுள் ஒருத்தியாகிய தோழியே தலைவன் முகம்நோக்கி ‘வாயில் மறுத்தல்’ என்பதும் அதே மரபின் துறை. இணக்கும் குரலை மட்டும் மரபெனக் கொண்டு மறுக்கும் குரலை மரபுக்குப் புறம்பெனல் நம் இலக்கணத்துக்கே ஒவ்வாது. ஒன்று மட்டும் கூறுதல் வேண்டும்: அகத்திணைத் தலைவன் பரத்தைமையாற் பிரிந்தவன், கையோங்கியவன் அல்லன். அத்துறைப் பாடல்களை இந்நோக்கிற் படிக்கப் புகும் மாணவர் இவ்வேறுபாட்டை முதற்கண் நிறுவிக்கொண்டே மேற்செல்லுதல் வேண்டும்.