டக் பிடித்த பாவாடை

தீபாவளி நெருங்கினால் அம்மாவின் பழைய பட்டுச்சேலை மகளின் பாவாடையாகும். சரிகைக் கரை கணுக்காலில் வந்து விழும்படி துணியை விரித்து, சாக்பீஸால் கோடிழுப்பார் அம்மா. கத்தரி வைக்குமுன் ஒரு கணம் தயக்கம். பிறகு மிதி மெஷின் கடகடவென்று ஓடும். பட்டு மட்டும் சரசரவென்று முனகும்.

கைத்திறன் முழுதும் தெரிவது கரைக்கு மேலே பிடிக்கும் டக்கில்தான். 1 அங்குல மடிப்பு, இரண்டு மூன்று வரிசை, இம்மி பிசகாமல். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். அம்மாவுக்கு, வளரும் பிள்ளைக்கான சேமிப்பு. மறுவருடம் பிளேடால் நூலை நறுக்கி ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை 2 அங்குலம் நீளும். வெயில் படாத பட்டு அந்த இடத்தில் புதுநிறத்தோடு மினுங்கும். எந்த ரெடிமேட் பாவாடையைவிடவும் இது கெட்டிக்காரத்தனமான தையல்.