பாதியில் நின்ற பூத்தையல்

நீலகிரித் தோடர் பெண்கள் துணியில் கோடு வரைந்துகொள்வதில்லை. பின்புறத்திலிருந்து இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பு நூலும் கறுப்பு நூலும் ஓட்டுகிறார்கள். நார்வேயிலும் இப்படி ஒரு தையல் உண்டு. 2013ல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டால், மறுபடி எடுக்கும்போது எண்ணிக்கை ஒன்றுதான் வழிகாட்டி.

செந்துறையில் இருக்கும் என் தமக்கை அப்படி ஒரு துணியைப் பத்து வருஷம் கழித்து எடுத்தாள். மிச்சத்தைக் குறுக்குத் தையலால் நிரப்பிவிட்டாள். நிறம் பொருந்துகிறது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. தோடர் தையல் இழைக்குள் புகுந்து நெசவோடு நெசவாகிவிடுகிறது. இதுவோ மேலே உட்கார்ந்திருக்கிறது. நம் தொடர்கதைகள் பலவற்றின் கடைசி அத்தியாயமும் இந்த ஜாதிதான். பிரித்துவிட்டு மறுபடி எண்ணச் சொன்னேன்.

“நீயே வந்து எண்ணேன்” என்றாள்.