பந்தைக் கொடுத்துவிட்டு ஜெயிப்பவர்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் 2023 பருவத்தில் 93 தடவை பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்த ஓர் அணி பத்து ஆட்டங்களில் ஜெயித்தது. ஆட்டத்துக்குச் சராசரியாக அது எடுத்த புள்ளிகள் 15.4, விட்டுக்கொடுத்தவை 14.8. தாக்குதலில் எடுத்த கெஜக் கணக்கில் நாட்டிலேயே கடைசி இடம். அயோவா ஹாக்ஐஸ் என்று பேச்செடுத்தாலே இந்தக் கணக்கைக் காட்டிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. நான் இதே கணக்கைத்தான் அவர்கள் தரப்பு சாட்சியாகக் கூப்பிடுகிறேன். இவ்வளவு மோசமான தாக்குதலை வைத்துக்கொண்டு பத்து வெற்றியும் பிக் டென் கூட்டமைப்பின் மேற்குப் பிரிவில் முதலிடமும் வாங்க முடிந்தது என்றால், வேறு ஏதோ ஒன்று அந்த அணியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது என்னவென்று பிடிபட்டால், இன்னும் பத்து வருஷம் அயோவா தாக்குப்பிடிக்குமா என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

பன்ட் எனப்படும் அந்த உதைகளை உதைத்த டோரி டெய்லரின் காலிலிருந்து தொடங்குவதுதான் முறை. மெல்போர்னில் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடி வளர்ந்தவர். 2020இல் அயோவா சிட்டிக்கு வந்து நான்கு பருவம் ஆடினார். அமெரிக்கப் பையன்கள் பழகும் ஸ்பைரல் பன்ட் மூக்கைக் கவிழ்த்து இறங்கி, தரையில் பட்டதும் முன்னால் பாய்ந்து மைதானக் கடைசியிலுள்ள எண்ட் சோனுக்குள் ஓடிவிடும். டச்பேக், எதிரணிக்கு 20ஆவது கெஜத்தில் பந்து, செய்த வேலையெல்லாம் வீண். டெய்லர் பந்தை நிமிர்த்திப் பிடித்து அதன் கீழ் முனையில் உதைப்பார். அது பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே உயரும். இறங்கித் தரையைத் தொட்டதும் அந்தச் சுழற்சியே பந்தை வந்த வழிக்கு இழுக்கும். பட்ட இடத்தில் ஒரு துள்ளு, கொஞ்சம் தயக்கம், அவ்வளவுதான். அதற்குள் ஓரத்தில் ஓடிவந்த இருவர் கோட்டுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். 2023இல் அவர் உதைத்தது மொத்தம் 4,479 கெஜம், சராசரி 48.2. மிச்சிகன் ஸ்டேட்டின் ஜானி பிங்கல் 1938இல் வைத்த 4,138 கெஜச் சாதனை 85 வருஷம் கழித்து அவர் காலில்தான் உடைந்தது. சிறந்த பன்ட்டருக்கான ரே கை விருதும் கிடைத்தது. ஆனால் சராசரியை மட்டும் பார்த்து டெய்லரைப் பாராட்டுகிறவர்கள் அவருடைய நல்ல பாதியைத் தவறவிடுகிறார்கள். எதிரணியின் 45ஆவது கெஜத்தில் நின்று அவர் வெறும் 41 கெஜம் உதைத்தால் சராசரி கெடும். பந்து 4ஆவது கெஜத்தில் போய் உட்காரும். அறுபது கெஜம் தள்ளக்கூடிய கால் தன் பலத்தை அடக்கிக்கொள்ளும் அந்த உதைதான் இந்தக் கலையின் உச்சம். எந்த அட்டவணையும் அதற்கு உரிய மதிப்பைத் தருவதில்லை.

அந்த 4ஆவது கெஜத்திலிருந்துதான் அயோவாவின் ஆட்டம் உண்மையில் ஆரம்பிக்கிறது. தன் எண்ட் சோனை முதுகில் சுமந்துகொண்டு நிற்கும் அணியால் விளையாட்டுப் புத்தகத்தில் பாதியைத் திறக்கவே முடியாது. நீண்ட பாஸுக்குக் குவார்ட்டர்பேக் பின்வாங்க இடமில்லை. இரண்டு ஓட்டம், ஒரு பயந்த பாஸ், பிறகு எண்ட் சோனுக்குள் நின்றபடி ஒரு பன்ட். அயோவாவுக்கு நடுமைதானத்தில் பந்து வந்துவிடும். முதல் டவுன் ஒன்றுகூட எடுக்காமலே கிட்டத்தட்டப் பழைய இடத்தில் மறுபடி ஒரு வாய்ப்பு. 2022 பருவத் தொடக்கத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7–3 என்று வென்றார்களே, அதில் டச்டவுனே கிடையாது. ஒரு ஃபீல்ட் கோலும், எதிரணியை அதன் எண்ட் சோனுக்குள்ளேயே மடக்கிய இரண்டு சேஃப்டியும்தான். ஊர் முழுக்கச் சிரித்த ஆட்டம் அது. ஆனால் அந்த இரண்டு சேஃப்டிகளும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல; கெஜம் கெஜமாகப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி எடுத்தவை. தற்காப்புப் பொறுப்பாளர் பில் பார்க்கரின் முறையும் இதே பொறுமையில்தான் நிற்கிறது. சோன் கவரேஜில் கண்ணைக் குவார்ட்டர்பேக் மேல் வைத்துக் காத்திருந்து, எதிராளி அவசரப்படும் நொடியில் பந்தைப் பறிப்பது அவர் பாணி. 2021இல் 25 இன்டர்செப்ஷன்களோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தார்கள். பன்ட்டும் தற்காப்பும் அயோவாவில் ஒரே சிந்தனையின் இரண்டு கைகள்: எதிராளி தப்புச் செய்யும் இடத்துக்கு அவனைத் தள்ளு, பிறகு காத்திரு.

இதற்கு எதிரான ரசனை எது என்று தெரியும். ஓஹையோ ஸ்டேட்டின் ரிசீவர்கள் ஓடும் வழித்தடங்களின் கூர்மையைப் பார்த்துச் சொக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அழகை யாரும் மறுக்க முடியாது. கடைசி முயற்சியான நான்காவது டவுனில் இரண்டு கெஜம் பாக்கி என்றால் உதைப்பது கோழைத்தனம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பென்று நான் சொல்லவில்லை. அது சராசரி பன்ட்டரையும் சராசரி தற்காப்பையும் வைத்துப் போட்ட கணக்கு. பன்ட்டர் டெய்லராகவும், அதன் பிறகு தடுக்க நிற்பது பார்க்கரின் ஆட்களாகவும் இருக்கும்போது விடையே மாறுகிறது. இதைக் கவனிக்காமல் எல்லா அணிகளும் ஒரே கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே துணிச்சலைக் காட்டுவதுதான் இன்றைய சலிப்பு. பன்ட் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயமாகிவிட்டது. ஓரமாக ஓடிக்கொண்டே தரையில் உருட்டிவிடும் ரக்பி உதை எங்கும் பரவிவிட்டது. பயனுள்ளதுதான், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பன்ட்டைப் பிடித்துத் திருப்பி ஓடும் கலையும் அருகிவருகிறது. 2023இல் மின்னசோட்டாவுக்கு எதிராகக் கூப்பர் டிஜீன் பன்ட்டைப் பொறுக்கி 54 கெஜம் ஓடி டச்டவுன் போட்டதும், அவர் கையசைவை, ஓடமாட்டேன் என்று காட்டும் ஃபேர் கேட்ச் சைகையின் செல்லாத வடிவமாக எடுத்துக்கொண்டு நடுவர்கள் அதை ரத்து செய்ததும், 12–10 என்று அயோவா தோற்றதும் நினைவிருக்கும். பன்ட்டை வெறும் இடைவேளையாக நினைக்கிறவர்கள் அந்த ஆட்டத்தை மறுபடி பார்க்கலாம்.

டெய்லர் போய்விட்டார்; தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 2024 டிராஃப்டில் 122ஆவது ஆளாகச் சிகாகோ பேர்ஸ் எடுத்துக்கொண்டது. ஆகவே ஒரு காலின் மேல் எதிர்காலத்தைக் கட்ட முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். பதில் இதுதான்: டெய்லருக்கு முன்பு ஜீலாங்கிலிருந்து மைக்கேல் ஸ்லீப்-டால்டன் வந்தார், டெய்லருக்குப் பிறகு 2024இல் மெல்போர்னிலிருந்து ரைஸ் டேக்கின் வந்தார். மற்றவர்கள் விலை வைக்காத பொருளை முதலில் கண்டுபிடிப்பது அந்த அணியின் பழக்கம். பன்ட்டரிடம் செய்ததையே மற்ற இடங்களிலும் செய்கிறார்கள். தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் வேண்டிய டைட் எண்ட் இடத்தில் டல்லஸ் கிளார்க் உதவித்தொகையே இல்லாமல் அணிக்குள் வந்தவர். ஜார்ஜ் கிட்டிலைப் பெரிய அணிகள் தேடி வரவில்லை. என்எஃப்எல் கூட 2017இல் அவரை ஐந்தாவது சுற்றில்தான் எடுத்தது. 2019இல் ஒரே டிராஃப்டின் முதல் சுற்றில் ஹாக்கின்ஸன், ஃபேன்ட் என்று இரண்டு அயோவா டைட் எண்டுகள் போனார்கள். தாக்குதல் வரிசையில் ராபர்ட் கேலரி, பிராண்டன் ஷெர்ஃப், டிரிஸ்டன் வெர்ஃப்ஸ், டைலர் லிண்டர்பாம் என்று கால் நூற்றாண்டாக அறுந்துபோகாத வரிசை. முப்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள ஒரு மாநிலம். பக்கத்தில் ஃப்ளோரிடா போலவோ டெக்ஸஸ் போலவோ விளைநிலம் கிடையாது. அங்கே இத்தனை பேர் உருவாகிறார்கள் என்றால் அது ஆளெடுப்பின் வெற்றி அல்ல, வளர்ப்பின் வெற்றி. வளர்ப்புக்கு வேண்டியது மாறாத கைகள். 1979 முதல் இன்றுவரை அயோவாவுக்குத் தலைமைப் பயிற்றுநர்கள் இரண்டே பேர்: ஹேடன் ஃப்ரை, கிர்க் ஃபெரன்ட்ஸ். ஃபெரன்ட்ஸ் காலம் முழுவதும் தற்காப்புக்குப் பொறுப்பாளர்களும் இரண்டே பேர்: 2011 வரை நார்ம் பார்க்கர், அதன்பிறகு பில் பார்க்கர். 1999இல் 1–10, அடுத்த வருஷம் 3–9 என்று ஃபெரன்ட்ஸ் தொடங்கினார். இன்றைய பல்கலைக்கழக நிர்வாகங்களில் எத்தனை அவரை மூன்றாவது வருஷத்துக்கு விட்டுவைத்திருக்கும்? விட்டுவைத்ததால்தான் 2002இல் 11 வெற்றியும், பிக் டென்னில் தோல்வியே இல்லாத பருவமும் கிடைத்தன.

இங்கேதான் பெரிய ஆட்சேபம் வருகிறது. வளர்த்த பையன் மூன்றாவது வருஷம், கல்லூரி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; முதல் வருஷத்துக்கான வரம்பு 20.5 மில்லியன் டாலர். அப்படியிருக்க, ஐந்து வருஷம் காத்திருந்து ஆளை உருவாக்கும் முறைக்கு இனி என்ன வேலை? எதிர்தரப்பின் சிறந்த சாட்சி இண்டியானா. கர்ட் சிக்னெட்டி 2023 நவம்பர் கடைசியில் வந்தார், பல கல்லூரிகளிலிருந்து ஆட்களைச் சேர்த்தார், இரண்டாவது பருவத்திலேயே 16–0 என்று தேசியப் பட்டத்தைத் தூக்கினார். அது பெரிய சாதனைதான். ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் பணம் என்பதல்ல. சிக்னெட்டி சேர்த்தவர்களில் பெரும்பாலோர் நட்சத்திரப் பட்டியலில் மேலே இருந்தவர்கள் அல்ல. வேறெங்கோ பல வருஷம் ஆடித் தேர்ந்த, மற்றவர்கள் குறைத்து மதிப்பிட்ட ஆட்கள். அயோவா வீட்டுக்குள் வளர்த்ததை அவர் வெளியிலிருந்து திரட்டினார். இரண்டுக்கும் அடிப்படை முதிர்ச்சி. ஒரு பருவத்தில் உச்சியைத் தொட எது வேகமான வழி என்று கேட்டால் இண்டியானாவைத்தான் காட்டுவேன். இருபது வருஷம் விழாமல் இருக்க எது வழி என்பது வேறு கேள்வி. அதற்கு இரண்டு பருவத்துச் சாட்சி போதாது.

புதிய நிலவரத்தில் அயோவா எப்படி நிற்கிறது என்பதற்கும் இப்போது கொஞ்சம் ஆதாரம் சேர்ந்திருக்கிறது. 2024இல் பிக் டென் 18 அணிகளாகப் பெருத்தது. மேற்குப் பிரிவு என்ற நிழல் போய்விட்டது. அந்த நிழலில்தான் அயோவா பிழைத்தது என்றவர்கள் சரிவை எதிர்பார்த்தார்கள். 2024இல் 8–5, கேலப் ஜான்ஸன் 1,537 கெஜம் ஓடினார். 2025இல் 9–4, அந்த நான்கு தோல்விகளும் அயோவா ஸ்டேட்டிடம் மூன்று, இண்டியானாவிடம் ஐந்து, ஆரிகனிடம் இரண்டு, யுஎஸ்சியிடம் ஐந்து என்று மொத்தம் 15 புள்ளி வித்தியாசத்தில் வந்தவை. பட்டம் வாங்கப்போகும் இண்டியானாவை 20–15 என்று கடைசிவரை பிடித்து வைத்த அணி காலாவதியான அணி அல்ல. போர்ட்டலையும் அவர்கள் தங்கள் பாணியில்தான் பயன்படுத்துகிறார்கள். 2025இல் குவார்ட்டர்பேக்காக வந்த மார்க் க்ரோனவ்ஸ்கி, அந்த 7–3 ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட் பக்கம் நின்று அடிவாங்கிய அதே ஆள். கீழ்ப் பிரிவில் பட்டங்கள் வென்று பக்குவப்பட்ட ஒருவரை எடுத்தார்களே தவிர, ஏலத்தில் விலை ஏறிக்கொண்டிருந்த பெயரின் பின்னால் ஓடவில்லை.

பட்டம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். பிக் டென் பட்டம் கடைசியாக 2004இல், அதுவும் பங்குபோட்டு. 2015இல் 12–0 என்று வந்து மிச்சிகன் ஸ்டேட்டிடம் 16–13 என்று தோற்றார்கள். 2023 பருவக் கடைசியில் மிச்சிகனிடம் 26–0, டென்னஸியிடம் 35–0. உச்சியில் இருக்கும் அணிகளைச் சந்திக்கும்போது இந்த முறைக்கு ஒரு கூரை இருக்கிறது, அது உண்மை. அந்தக் கூரை பன்ட்டால் வந்ததல்ல. தாக்குதலைப் பல வருஷம் பட்டினி போட்டதால் வந்தது. தந்தை தலைமைப் பயிற்றுநர், மகன் பிரையன் 2017 முதல் 2023 வரை தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் என்ற ஏற்பாடு, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கும் அளவுக்குக் கேலிக்கூத்தானது. பொறுமை வேறு, மாற்ற மறுக்கும் பிடிவாதம் வேறு. 2020இல் கறுப்பின முன்னாள் வீரர்கள் பலர் தாங்கள் நடத்தப்பட்ட விதத்தை வெளியே சொன்ன பிறகுதான் வலிமைப் பயிற்சியின் நெடுநாள் பொறுப்பாளர் விலகினார். மாறாத கைகளுக்கு இப்படியும் ஒரு விலை உண்டு என்பதை என்னைப் போன்ற அபிமானிகள் சௌகரியமாக மறந்துவிடக் கூடாது. ஆனால் டிம் லெஸ்டர் தாக்குதலை எடுத்துக்கொண்ட பிறகு வந்த 2024, 2025 பருவங்களில் எண்கள் மேலே வந்திருக்கின்றன. பன்ட்டின் மேலுள்ள மரியாதையும் குறையவில்லை. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு அதுவே போதும்.

மிச்சமிருக்கும் ஆபத்து பணமும் அல்ல, போர்ட்டலும் அல்ல, வாரிசு. ஃபெரன்ட்ஸ் எழுபதைத் தொட்டுவிட்டார். 2025 செப்டம்பரில் ஓஹையோ ஸ்டேட்டின் வூடி ஹேய்ஸைத் தாண்டி பிக் டென்னில் அதிக வெற்றி பெற்ற பயிற்றுநர் ஆனார். ஒப்பந்தம் 2029 வரை. பார்க்கரும் இளைஞரல்ல. இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போகும் காலம் வரும். அப்போது நிர்வாகத்தைச் சுற்றி, அயோவா நவீனமாக வேண்டும், பார்க்கச் சுவாரஸ்யமாக இருக்க வேண்டும் என்று குரல்கள் எழும். வேகமான தாக்குதலுக்குப் பெயர்பெற்ற ஒருவரைப் பெரிய தொகைக்குக் கூட்டிவந்து, ஓஹையோ ஸ்டேட்டோடு அதே சந்தையில் அதே ரிசீவர்களுக்காகப் போட்டி போட்டால், மூன்று பருவத்துக்குள் ஐந்து வெற்றி அணியாக இறங்கிவிடுவார்கள். அந்தச் சந்தையில் அயோவாவால் யாரையும் மிஞ்ச முடியாது. வீட்டுக்குள் வளர்ந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்து, தாக்குதலை மட்டும் திருத்திக்கொண்டு, மெல்போர்னுக்குப் போகும் வழியை மறக்காமல் இருந்தால், வருஷத்துக்கு எட்டு அல்லது ஒன்பது வெற்றி என்பது அடுத்த பத்தாண்டுக்கும் நம்பத்தக்க கணக்கு. ப்ளேஆஃபில் 12 இடம் இருக்கும் காலத்தில், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே நுழையவும் அந்தக் கணக்குப் போதும். தேசியப் பட்டத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். விழுந்துபோகாத அணி எது என்று கேட்டால் அயோவாவின் பெயரைச் சொல்ல யோசிக்கவும் மாட்டேன்.