முதலில் பாதம், அப்புறம் ஷூ

சாரல் காலத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் தட்டைப் பாதத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். ஓடப் பழகும் பிள்ளையை ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டால் போதும். உட்பக்க வளைவு இல்லாமல் பாதம் முழுசாகப் பதிந்திருந்தால், பெற்றோர் உடனே விலை கூடின ஷூவைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். அதே பிள்ளையைக் குதிகாலைத் தூக்கி எக்கி நிற்கச் சொல்லுங்கள். வளைவு எழும்பி வந்தால், வலியும் இல்லையென்றால், பயமில்லை. எக்கியும் வளைவு வரவில்லை, அல்லது வலிக்கிறது என்றால் போக வேண்டியது எலும்பு மருத்துவரிடம், கடைக்கு அல்ல.

ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடமே அதிகம். ஷூதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பள்ளி ஷூவுக்குள் நாள் முழுக்க அடைபட்ட பாதத்துக்கு மாலையில் இன்னொரு கெட்டி ஷூவை மாட்டுமுன் யோசிக்கலாம்.

அதற்காக வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்ந்து தள்ளவும் வேண்டாம். மதுரை சக்கிமங்கலத்து ஓட்ட வீராங்கனை ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடியது ஷூ வாங்க வசதி இல்லாமல்தான். பயிற்சியாளர் கண்ணன் கைகொடுத்த பிறகு, டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 கலப்புத் தொடரோட்டம் வரை போனார். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் வென்றார்; 1964-இல் டோக்கியோவில் ஷூ போட்டு மூன்று நிமிடம் குறைவான நேரத்தில் ஓடி மறுபடியும் வென்றார். வெறுங்காலில் உரமேறிய பாதத்துக்கு ஷூ உதவியது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

தரையில் விரித்த துண்டைக் கால்விரலால் சுருட்டி இழுப்பது, ஒற்றைக் காலில் எக்கி இறங்குவது, நெருஞ்சி முள்ளும் கண்ணாடித் துண்டும் இல்லாத புல்தரையில் சில நிமிடம் வெறுங்கால் ஓட்டம்: ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். வெறுங்கால் ஓட்டத்தை ஒரேயடியாகக் கூட்டினால் பாத எலும்பில் விரிசல் விழலாம். தார்ச் சாலைக்கும் போட்டிக்கும் சாதாரண ஷூ வாங்குங்கள். ‘வளர்ற கால்’ என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கித் தராதீர்கள்; கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருந்தால் போதும்.

உடற்கல்வி ஆசிரியர்களே, மைதானம் காய்ந்த நாளில் பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தைப் பாதத்துக்கு ஒதுக்குங்கள்.