பச்சைப் பலகைக்கு என்ன மருந்து? சென்னையில் மலிவாகக் கிடைக்கும் போரான்: ஒரு நேரடிச் சோதனை

மயிலாப்பூரிலும் அடையாறிலும் தனி வீடு இடிபட்டு அடுக்குமாடி எழும்பும் இடத்திலெல்லாம் ஒரு மாமரமோ வேம்போ சாய்கிறது. புயல் வந்தால் சொல்லவே வேண்டாம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா அடித்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு விழுந்தன. 2022 டிசம்பரில் மாண்டஸ் வந்தபோதும் தெருவுக்குத் தெரு மரம் கிடந்தது. தூங்குமூஞ்சி, இயல்வாகை, வேம்பு, மா என்று பலகைக்கு ஆகக்கூடிய மரங்கள் இவற்றில் நிறைய. பெரும்பாலும் எல்லாமே துண்டு துண்டாக லாரி ஏறிப் போய்விடுகின்றன. சாமில்லில் கொடுத்துப் பலகை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டால், ஆசாரிகள் சொல்லும் முதல் பதில்: "மாம்பலகையா சார்? ஆறு மாசத்துல உளுத்துடும்."

அவர்கள் சொல்வது சரிதான், மருந்து வைக்காத பலகை என்றால். வைத்த பலகை என்றால் கதை வேறு. அந்த மருந்துக்கு அடிப்படை போரான் உப்பு. அது சென்னையில் எந்தெந்த வடிவில் கிடைக்கிறது, எது கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது என்று அடையாறு வீட்டுத் தோட்டம் ஒன்றில் விழுந்த மாமரத்தின் ஒரு அங்குலப் பலகைகளில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். உளு என்று நாம் சொல்வது கரையானின் வேலை அல்ல. மண்புற்றுப் பாதை போட்டு வருவது கரையான். பலகையில் குண்டூசித் தலை அளவுக்கு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அடியில் சலித்த மைதா போல மாவு கொட்டினால் அது லிக்டஸ் வகைச் சிறு வண்டு. தாய் வண்டு மரத்தின் திறந்த துளைகளுக்குள் முட்டை இடுகிறது. புழு அங்கேயே பொரிந்து, மரத்தின் மாவுச்சத்தைத் தின்று வளர்ந்து, வண்டாகி ஓட்டை போட்டு வெளியே வருகிறது. நாம் ஓட்டையைப் பார்க்கும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். வைரம் பாய்ந்த பகுதியை இது தொடாது. மாவுச்சத்து இருக்கும் வெள்ளைப் பகுதிதான் இதற்குத் தீனி. தேக்கிலும் வெள்ளை இருந்தால் விழும். மாமரத்தில் வைரம் என்று நம்பும்படி ஒன்றும் கிடையாது, துளையும் அகலம், மாவுச்சத்தும் தாராளம். அதனால்தான் அதற்கு இந்தக் கெட்ட பெயர்.

அறுத்த கட்டையையும் மூங்கிலையும் குளத்தில் ஊறப்போட்டு மாவுச்சத்தைக் கரைத்துவிடும் பழைய வழக்கம் நம்மிடம் இருந்தது. நல்ல வழி. தென்சென்னையில் அதற்குக் குளம் எங்கே இருக்கிறது?

போரான் உப்பு மரத்துக்குள் இறங்கிவிட்டால், அந்த மரத்தைத் தின்னும் புழு செரிமானம் கெட்டுச் சாகிறது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது, ஆவியாகிப் போவதும் கிடையாது. 1930-களின் இறுதியில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதே லிக்டஸ் வண்டுக்கு எதிராகப் போரிக் ஆசிட்டைப் பரிசோதித்தார்கள். பிறகு நியூசிலாந்து பச்சைப் பலகையைக் கரைசலில் முக்கி அடுக்கும் முறையைப் பெரிய தொழிலாகவே வளர்த்தது. நமக்குப் பக்கத்தில் கேரளம். அங்கே ரப்பர் மரத்தை வெட்டிய சூட்டோடு மருந்தேற்றாவிட்டால் பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் போரான் கரைசலை ரப்பர் மரத்துக்குள் ஊறச் செய்யும் எளிய முறைகளை ஆராய்ந்திருக்கிறது. இன்று சென்னைக் கடைகளில் விற்கும் ரப்பர்மரப் பலகைகளில் பெரும்பாலானவை ஆலைத் தொட்டியில் அழுத்தம் கொடுத்துப் போரான் ஏற்றியவை. ஒரு மரம், இரண்டு மரம் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த ஆலை கட்டுப்படியாகாது. அவருக்கு முக்கி அடுக்குவதுதான் வழி.

இனி கடைக்குப் போவோம்.

மருந்துக் கடை போரிக் பவுடரைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். சிறு பாக்கெட்டில் வருவதால் கிலோக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் விலை எகிறிவிடும். கேரம் பவுடர் என்று விற்பதெல்லாம் போரிக் ஆசிட்டும் அல்ல. இது வேண்டாம்.

மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடைகளில் வெங்காரம் கேட்டால் உடனே கொடுப்பார்கள். சித்த மருந்துக்கும், பொற்கொல்லர் பற்றவைக்கவும் காலம் காலமாகப் பயன்படுவது. தி.நகரில் நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடைகளிலும் உண்டு. இதுதான் போராக்ஸ். ஒரு காலத்தில் திபெத்திலிருந்தும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலிருந்தும் மூட்டை கட்டி வந்த பொருள். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நூறு கிராம், இருநூறு கிராம் வாங்கும் இடம் அது. மேலும் வெங்காரத்தை மட்டும் கரைத்தால் போதாது. போரிக் ஆசிட்டையோ போராக்ஸையோ தனியாக எடுத்தால் நம்மூர் வெப்பத்தில் நூறு மில்லி தண்ணீரில் ஆறேழு கிராமுக்கு மேல் கரையாது. இரண்டையும் சரியான விகிதத்தில் சேர்த்தால் ஒன்றையொன்று கரைய வைத்துப் பல மடங்கு ஏற்றிக்கொள்ளும். அந்த விகிதம் போரிக் ஆசிட் 1 பங்குக்குப் போராக்ஸ் 1.54 பங்கு, எடைக்கணக்கில். மரப் பாதுகாப்புக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 401 சொல்வதும் இதைத்தான். பத்து லிட்டர் கரைசலுக்குப் போராக்ஸ் 925 கிராம், போரிக் ஆசிட் 600 கிராம். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் 'டெக்னிக்கல் கிரேடு' என்று கேட்டால் இரண்டும் கிலோக் கணக்கில் கிடைக்கும்.

இரண்டும் கலந்தபின் கரைசலில் இருப்பது டைசோடியம் ஆக்டாபோரேட். அமெரிக்காவில் டிம்-போர் என்ற பெயரில் மரத்துக்கு விற்பது இதே உப்புதான். இங்கே அதை மர மருந்தாகத் தேடினால் கையில் சிக்காது. உரக்கடையில் கேளுங்கள். 'போரான் 20%' என்று பாக்கெட்டில் போட்டு, தென்னைக்கும் காய்கறிக்கும் தெளிக்கும் நுண்ணூட்டமாக விற்கிறார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இடம்பெற்ற பொருள் என்பதால் போரான் அளவுக்கு உத்தரவாதம் இருக்கிறது. மாடித்தோட்டக் கடைகளில் சிறு பாக்கெட்டும், ஆன்லைனில் ஒரு கிலோ பாக்கெட்டும் எளிதில் கிடைக்கின்றன.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 10.5% என்றிருந்தால் அது வெறும் போராக்ஸ். 'நுண்ணூட்டக் கலவை' என்றிருந்தால் அதில் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்திருக்கும். இரும்பு பட்டால் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து பலகையில் கருநீலக் கறை ஏறும், இழைத்தாலும் எளிதில் போகாது. திரவப் போரானும் வேண்டாம். டைசோடியம் ஆக்டாபோரேட் டெட்ராஹைட்ரேட் என்ற பெயர் மட்டும் இருக்க வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் டப்பாவில் வரும் மர மருந்துகளையும் சேர்த்துப் பேச வேண்டும். அவை பெரும்பாலும் எண்ணெய் அல்லது கரைப்பான் கலந்தவை, காய்ந்த மரத்தின் மேல் பூசுவதற்கானவை. அந்த வேலைக்கு அவை சரி. ஈரம் சொட்டும் பச்சைப் பலகையில் எண்ணெய் எப்படி இறங்கும்?

கலப்பதில் சென்னைவாசிக்கு ஒரு வசதி இருக்கிறது. இந்த உப்பு 20 டிகிரித் தண்ணீரில் பத்து சதவீதம்கூட முழுசாகக் கரையாது, 30 டிகிரியில் இருபது சதவீதத்தையும் தாண்டிக் கரையும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பகலில் வரும் தண்ணீரே போதும், அடுப்பு தேவையில்லை. பத்து லிட்டருக்கு ஒரு கிலோ போரான் 20% போட்டுக் கிளறினேன். முதலில் பால் போலக் கலங்கியது, சற்று நேரத்தில் தெளிந்துவிட்டது. போராக்ஸும் போரிக் ஆசிட்டும் தனித்தனியாக வாங்கிக் கலந்ததற்குத்தான் வெந்நீரும் பொறுமையும் வேண்டியிருந்தது. போராக்ஸ் கற்கண்டுத் துகளாக அடியில் தங்கிக்கொண்டே இருந்தது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. பலகை எவ்வளவு ஈரமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. போரான் தண்ணீர் வழியாகத்தான் நடுமரம் வரை ஊர்ந்து போகும். காய்ந்த பலகையில் பூசினால் மேல்தோலோடு நின்றுவிடும். அறுத்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளே முக்கிவிட வேண்டும். மரத்தூளைத் துடைத்துவிட்டு, தார்ப்பாயை மடித்துச் செய்த தொட்டியில் பலகையைப் புரட்டி எடுத்து, இரண்டாவது முறையும் முக்கி, இடையில் ரீப்பர் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தத்தையும் தார்ப்பாயால் இறுகச் சுற்ற வேண்டும். காற்று புகக்கூடாது. அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இப்படியே கிடக்க வேண்டும். அதன் பிறகே பிரித்து, ரீப்பர் வைத்து, நிழலில் காயவைப்பது. கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் போட்டால் பலகை வெடித்துவிடும்.

மருந்து உள்ளே போனதா என்று எப்படித் தெரியும்? ஆய்வகங்களில் இதற்குப் பயன்படுவது மஞ்சள். நம் வீடுகளில் மஞ்சளோடு வெங்காரமும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குங்குமம் செய்வார்கள் அல்லவா, மஞ்சள் சிவப்பதில் வெங்காரத்துக்கும் பங்கு உண்டு. சோதனையும் அந்த வழியில்தான். மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினேன். பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளிக் குறுக்கே அறுத்தேன். முனையில் மருந்து வேகமாக ஏறிவிடும், அங்கே பார்த்தால் ஏமாந்து போவோம். வெட்டுமுகத்தில் மஞ்சள் சாற்றைத் தடவிக் காயவிட்டு, ஸ்பிரிட்டில் கலந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் சாலிசிலிக் ஆசிட்டும் சேர்ந்த கரைசலை மேலே தடவினேன். ஆசிட் இல்லாமல் வெறும் மஞ்சளைப் பூசினால் காரத்துக்கே சிவந்து பொய்யான முடிவு காட்டிவிடும்.

அறுத்த சூட்டோடு முக்கிச் சுற்றிவைத்த பலகை விளிம்பிலிருந்து நடு வரை குங்குமச் சிவப்பாக மாறியது. ஒப்பிட்டுப் பார்க்கவே வெயிலில் காயவைத்துப் பிறகு மருந்து பூசிய பலகையில் சுற்றிலும் மெல்லிய சிவப்புக் கோடு, நடுவெல்லாம் மஞ்சள். உரக்கடைப் பொடிக்கும் பாரிமுனைக் கலவைக்கும் நிறத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கன அடி அங்குலப் பலகைக்கு, இரண்டு முக்கல் சேர்த்து, ஏறக்குறைய ஒரு லிட்டர் கரைசல் பிடிக்கும். அதாவது நூறு கிராம் பொடி. கிலோ முந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் கன அடிக்கு முப்பது ரூபாய். இதைவிட மலிவாக ஒரு மரத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்து வழியில்லை.

குறைகளும் உண்டு. போரான் தண்ணீரில் கரைந்து உள்ளே போனது போலவே தண்ணீரில் கரைந்து வெளியேயும் வந்துவிடும். மழையில் நனையும் கேட், மண்ணில் புதைக்கும் தூண், மொட்டைமாடி பெஞ்சு இவற்றுக்கு இது ஆகாது. வீட்டுக்குள் இருக்கும் மேசை, அலமாரி, கட்டில், சன்னல் உள்சட்டம் இவற்றுக்குத்தான். அடுத்த குறை பூஞ்சை. சுற்றிவைத்த ஈரப் பலகையில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், கரும்பூஞ்சை படரும். என் பலகைகளிலும் ஓரங்களில் சாம்பல் நிறக் கறை ஏறியது. இழைத்தபோது பெரும்பகுதி போயிற்று, சில இடங்களில் நின்றுவிட்டது. வெளிர் நிறப் பலகையே வேண்டும் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்தபின் மேலே வெள்ளைப் பூ பூக்கும், பாலிஷ் போடுமுன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

மஞ்சள் போலச் சாதுவான பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். போரிக் ஆசிட்டை இனப்பெருக்க நலனுக்குக் கெடுதல் செய்யக்கூடியது என ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. பொடியைக் கொட்டும்போது முகக்கவசம், முக்கும்போது கையுறை, குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. காய்கறி நறுக்கும் பலகை, கரண்டி, முறம் எதற்கும் இந்த மரம் வேண்டாம். மிச்சக் கரைசலைச் செடிக்கு ஊற்றாதீர்கள். உரக்கடைப் பொருள்தானே என்று தோன்றும், ஆனால் இலையில் தெளிக்கும் அளவைப் போல இது ஐம்பது மடங்குக்கு மேல். செடி கருகிவிடும். மூடி வைத்து அடுத்த மரத்துக்குப் பயன்படுத்தலாம். காய்ந்த மரத்துக்குள் இறங்கட்டும் என்று கார் கூலன்ட் கலக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் குடித்தால் உயிரைக் குடிக்கும் விஷம். அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

என் தீர்ப்பு இது. பத்துக் கன அடி வரைக்கும் உரக்கடைப் போரான் 20% வாங்குங்கள். சிக்கல் குறைவு, தரம் நிச்சயம். அதற்கு மேல், பெரிய தூங்குமூஞ்சி முழுசாகக் கையில் இருந்தால், பாரிமுனைக்குப் போய்ப் போராக்ஸும் போரிக் ஆசிட்டும் கிலோக் கணக்கில் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். பேரம் பேசினால் செலவு இன்னும் இறங்கும். எதை வாங்கினாலும் மரம் சாமில்லுக்குப் போகும் முன்னாலேயே மருந்தும் தார்ப்பாயும் வீட்டில் இருக்க வேண்டும். பலகை வந்து இறங்கிய பிறகு மருந்து தேடிக் கிளம்பினால் அது காய்ந்துகொண்டிருக்கும்.