குறியும் குறியீடும்

மருத்துவச் செய்திகளில் ‘பயோமார்க்கர்’ என்னும் சொல் இந்நாளில் மிகுதியாக வழங்குகிறது. தமிழில் எழுதுவோர் இதனை உயிர்க்குறியீடு, உயிரிக் குறிப்பான் எனப் பலவாறு பெயர்க்கின்றனர். இச்சொல் எதனைக் குறிக்கிறது என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய அறிஞர் குழுவின் வரையறை 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. உடலின் இயல்பான செயலையோ, நோயின் போக்கையோ, மருந்தின் விளைவையோ காட்டுவதாய், புறநிலையில் அளந்து மதிப்பிடக்கூடிய பண்பே பயோமார்க்கர் என்பது அதன் கருத்து. ‘தலை சுற்றுகிறது’ என்று நோயாளி கூறுவது பயோமார்க்கர் ஆகாது. அவருடைய இரத்த அழுத்தத்தை அளந்து காண்பது ஆகும்.

குறியீடு என்பது மக்கள் தம்முள் உடன்பட்டு இட்டுக்கொண்ட அடையாளம். இரத்தத்திலுள்ள சர்க்கரை நாம் இட்டதன்று. உடல் தானே காட்டுவது. உள்ளிருப்பதை வெளியே உணர்த்துவதைக் ‘குறி’ என்றல் நம் மரபு. சிறுநீரில் விட்ட எண்ணெய்த்துளி பரவும் வடிவு கண்டு வாத, பித்த, கபங்களைப் பகுக்கும் தேர்வைச் சித்த மருத்துவர் ‘நெய்க்குறி’ என்றனர். ஆயினும் ‘உயிர்க்குறி’ என்றால், உயிரெழுத்தின் குறியோ என மாணவர் மயங்குவர். ஆதலின் ‘உடற்குறி’ என்பதே சாலும். அதற்காக, நெய்க்குறியே பழந்தமிழர் கண்ட பயோமார்க்கர் எனப் பெருமை கொள்வது முறையன்று; அளவையும் சரிபார்ப்பும் இன்றி அப்பெயர் பொருந்தாது.

பெயரினும் பெரும்பிழை, குறியையே நோயாகக் கொள்வது. இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காட்டை எட்டினால் நீரிழிவு எனக் கொள்ளலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் ஏற்றது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அவ்வளவை உயர்த்திக் காட்டக்கூடும். தலசீமியாவும் அதனைப் பிறழச்செய்யக்கூடும். எண் ஒன்றே தீர்ப்பாகாது.

மாரடைப்புக்குப்பின் தாளந்தவறும் இதயத் துடிப்பை அடக்கினால் உயிர் காக்கலாம் என மருத்துவர் பலர் நம்பினர். 1989இல் வெளிவந்த ‘காஸ்ட்’ ஆய்வோ, துடிப்பைச் சீராக்கிய இரு மருந்துகளை உண்டோரிடையே, வெற்று மாத்திரை உண்டோரைவிட இறப்பு மிகுந்திருந்ததைக் காட்டிற்று. குறி திருந்தியது, மனிதர் மாண்டனர்.

தேயிலைத் தோட்டத்தார்க்கு இது புதிதன்று. உரம் போதாமையால் இலை மஞ்சளிக்கும். பச்சைச் சாயம் பூசினால் செடி பிழைக்குமா? வகுப்பில் இச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், இவ்வேறுபாட்டையும் உடன் கற்பித்தல் வேண்டும்.