ஆட்டம் முடிந்த பிறகும் தொடரும் கேமரா

தோற்ற வீரர் ஒருவரின் கண்ணீரைத் தொலைக்காட்சியில் காட்டலாமா கூடாதா என்று பொதுப்படக் கேட்டால், விவாதம் பெரும்பாலும் இரக்கம் உள்ளவர்களுக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கும் இடையிலான வழக்காகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் கண்ணீர் எந்த இடத்தில் சிந்தப்பட்டது, அங்கே கேமரா இருப்பது அவருக்குத் தெரியுமா, அந்தக் காட்சி நடந்து முடிந்த ஆட்டத்தைப் பற்றி எதையேனும் உணர்த்துகிறதா என்று பிரித்துக் கேட்டால்தான் அது அலசலுக்குரிய பொருளாகிறது. அப்படிப் பிரித்துக் கேட்கும் கட்டாயத்தை 2026 ஜனவரியில் மெல்போர்னில் நடைபெற்ற ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் போட்டி ஏற்படுத்தியது.

இரண்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றவரான அமெரிக்காவின் கோகோ காஃப், மகளிர் காலிறுதியில் உக்ரைனின் எலினா ஸ்விட்டோலினாவிடம் 1-6, 2-6 என்று ஒரு மணி நேரத்துக்குள் தோற்றார். சர்வீஸ் போடுவதற்குத் தரப்படும் இரண்டு வாய்ப்புகளையும் தவறவிட்டு எதிராளிக்குப் புள்ளியைத் தாரைவார்க்கும் ‘டபுள் ஃபால்ட்’ அவரை அன்று தொடக்கத்திலிருந்தே வாட்டியது. சர்வீஸ் கைகொடுக்காத ஆட்டக்காரர் அடுத்து அடிக்க வேண்டிய ஒவ்வொரு பந்தையும் பதற்றத்தோடு எதிர்கொள்ள நேர்வதால், சிறிய பிழை விரைவில் பெரிய சரிவாகிவிடும். தோல்விக்குப் பிறகு அவர் அரங்கை விட்டு அமைதியாக வெளியேறி, உட்புற நடைவழியைக் கடந்து, ஆளில்லாத ஒரு மூலைக்குச் சென்று, காங்கிரீட் தரையில் ராக்கெட்டை ஏழு முறை ஓங்கி அடித்தார். அங்கேயும் ஒரு கேமரா இருந்தது. காட்சி நேரடியாக ஒளிபரப்பாகி உலகெங்கும் பரவியது. கேமரா இல்லாத இடத்தைத் தேடியே அங்கே சென்றதாகவும், உடைமாற்றும் அறை ஒன்றுதான் தங்களுக்கு மிஞ்சியிருக்கும் தனியிடம் என்றும் அவர் பின்னர் கூறினார்.

இந்த நிகழ்வில் கவனத்துக்குரியது ராக்கெட் உடைந்ததன்று, அது உடைக்கப்பட்ட இடமே. ஆட்டக்களத்தில் ராக்கெட்டைச் சிதைப்பது நடத்தை விதிமீறலாகும். முதல் மீறலுக்கு எச்சரிக்கை, இரண்டாவதற்குப் புள்ளி இழப்பு, மூன்றாவதற்கு ஒரு கேம் இழப்பு என்று தண்டனை படிப்படியாகக் கூடும், அபராதமும் உண்டு. விதியும் பழக்கமும் வீரரிடம் எதிர்பார்ப்பது உணர்ச்சியே இல்லாத மனத்தை அன்று, அதைப் பார்வையாளர் முன்னால் கட்டுக்குள் வைத்திருக்கும் ஆற்றலைத்தான். காஃப் அந்த எதிர்பார்ப்பை முழுமையாக நிறைவேற்றினார்: எதிராளியை வாழ்த்தினார், களத்தில் எதையும் எறியவில்லை, உடன் வந்த பயிற்சிக் குழுவினர் மீது சினத்தைக் கொட்டிவிடக் கூடாது என்பதற்காகவே தனியிடம் தேடினார். தன்னடக்கத்தின் விளைவாகத் தள்ளிப்போடப்பட்ட கோபமே அவருடைய அடக்கமின்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது என்பதுதான் இதிலுள்ள அநீதி.

நடைவழிக் கேமராக்கள் வீரர்களை அவமதிக்கும் நோக்கத்தோடு பொருத்தப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வீரர்கள் உடற்பயிற்சி செய்வது, இறுக்கத்தோடு களத்துக்கு நடந்து வருவது போன்ற காட்சிகள் ஆட்டத்துக்கு முன்னுரை போல அமைந்து ரசிகரை ஈர்க்கின்றன. 2019-இல் இதே போட்டியில் அடையாள அட்டை இல்லாமல் வந்த ரோஜர் ஃபெடரரைக் காவலர் தடுத்து நிறுத்தியதும், தம் குழுவினர் வரும்வரை அவர் முகம் சுளிக்காமல் காத்திருந்ததும் இத்தகைய கேமரா வழியாகவே உலகுக்குத் தெரிந்து, அவர்மீது இருந்த மதிப்பைக் கூட்டின. அதே கண் 2023 அமெரிக்க ஓபன் இறுதியில் தோற்ற அரினா சபலென்கா உள்ளே சென்று ராக்கெட்டை நொறுக்கியதையும் பதிவு செய்தது. அன்று அவரை வென்றவர் காஃப். தாங்கள் டென்னிஸ் வீரர்களா, அல்லது உயிரியல் பூங்காவில் வேடிக்கை பார்க்கப்படும் விலங்குகளா என்ற பொருள்பட இகா ஸ்வியாடெக் மெல்போர்னில் எழுப்பிய கேள்வி, ஆண்டுகளாகச் சேர்ந்துவந்த மனக்குறையின் வெளிப்பாடாகவே தோன்றுகிறது.

களத்திலேயே வெளிப்படும் துயரத்தின் நிலை வேறு. 1993 விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னிலை பெற்றிருந்த ஜானா நோவோட்னா, 5-1 ஆவதற்கு ஒரு புள்ளியே தேவைப்பட்ட நிலையில் டபுள் ஃபால்ட் செய்து, அங்கிருந்து சரிந்து அந்த செட்டை 4-6 என்று இழந்தார். பரிசளிப்பில், பரிசு வழங்க வந்த கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அவர் அழுத காட்சி, அந்தச் சரிவின் கனத்தை எந்தப் புள்ளிவிவரத்தை விடவும் தெளிவாக உணர்த்தியது. ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடந்த பொதுச் சடங்கின் பகுதியாக இருந்ததாலும், ஆறுதல் தரும் ஒரு மனிதக் கை அதில் இருந்ததாலும், அக்காட்சி அவரைச் சிறுமைப்படுத்தவில்லை. 1998-இல் அவர் அதே களத்தில் பட்டம் வென்றபோது, ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கண்ணீரே வெற்றிக்குப் பொருள் சேர்த்தது.

பனிச்சறுக்கு நடனத்தில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது, ஏனெனில் அங்கே அழுவதற்கென்றே ஓர் இடம் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆட்டத்தை முடித்தவர் பயிற்சியாளரோடு அமர்ந்து மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் மூலைக்கு ‘கிஸ் அண்ட் க்ரை’, அதாவது முத்தமும் அழுகையும், என்றே பெயர். ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியிருந்த நிலையில் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆட அனுமதிக்கப்பட்ட ரஷ்யாவின் கமிலா வலியேவா, முதற்சுற்றில் முதலிடம் பெற்றும் இரண்டாம் சுற்றில் தடுமாறி விழுந்து நான்காம் இடத்துக்கு இறங்கினார். பனித்தளத்தை விட்டு வெளியே வந்ததும், ஏன் போராடுவதை நிறுத்தினாய் என்று பயிற்சியாளர் எடெரி டுட்பெரிட்சே கேட்டது ஒலிவாங்கியில் பதிவாகி ஒளிபரப்பானது. பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடைந்த நிலையை அவ்வளவு அருகில் நின்று படம்பிடித்தது மனத்தை உறுத்துகிறது. எனினும் அந்த ஒளிபரப்பு இல்லாவிட்டால் பயிற்சியாளரின் கடுமை வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் தாமஸ் பாக் அதை வெளிப்படையாகக் கண்டித்திருக்கவும் மாட்டார். மூத்தோர் பிரிவில் ஆடுவதற்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாகப் படிப்படியாக உயர்த்தும் முடிவை சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அதே ஆண்டு ஜூனில் எடுத்தது. துயரத்தைக் காட்டும் கேமரா சில நேரங்களில் சாட்சியாகவும் நிற்கிறது என்பதால், முற்றாகத் தடை செய்வது தீர்வாகாது.

மறைக்கும் உரிமை தரப்படாத இடத்தில் வீரர்களே அதை உருவாக்கிக்கொள்கிறார்கள். 2023 பிப்ரவரியில் கேப் டவுனில் நடந்த மகளிர் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில், 34 பந்துகளில் 52 ரன்கள் எடுத்திருந்த இந்திய அணித் தலைவி ஹர்மன்பிரீத் கவுரின் மட்டை தரையில் சிக்கிக்கொண்டதால் அவர் ரன் அவுட் ஆனார்; இந்தியா 5 ரன்களில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. பரிசளிப்பு நேர்காணலுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்த அவர், தாம் அழுவதை நாடு பார்க்க வேண்டாம் என்பதற்காகவே அதை அணிந்திருப்பதாகச் சொன்னார். கடமையைத் தட்டாமல் நிறைவேற்றிக்கொண்டே தமக்கென்று ஒரு திரையையும் அவர் ஏற்படுத்திக்கொண்டார். நடைவழிக் காட்சிகளைச் சில நிமிடங்கள் தாமதித்து, பார்த்துத் தேர்ந்து வெளியிடுவதும், களத்துக்கு வெளியே உள்ள ஒலிவாங்கிகளைத் தோற்றவர் கடந்து செல்லும்வரை நிறுத்திவைப்பதும் ஒளிபரப்பாளர்களால் இயலாத செயல்கள் அல்ல. அந்தத் திரையை அவர்களே தரலாம்.

திரை வேண்டாமென்று தாமே முன்வந்து நிற்பவர்களும் உண்டு. 2025 விம்பிள்டன் இறுதியில் ஸ்வியாடெக்கிடம் 0-6, 0-6 என்று 57 நிமிடங்களில் தோற்ற அமாண்டா அனிசிமோவா, கண்ணீரோடு ஒலிவாங்கி முன் நின்று, அன்று காலைதான் விமானத்தில் வந்து சேர்ந்த தம் தாயாருக்கு நன்றி சொன்னார். இரண்டு மாதங்களுக்குள் அமெரிக்க ஓபன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக்கை 6-4, 6-3 என்று வென்றபோது, அந்த ஆட்டத்துக்கு முன்னதாக விம்பிள்டன் இறுதியின் பதிவைத் தாமே போட்டுப் பார்த்ததாகத் தெரிவித்தார்.